பொற்கோவிலுக்குப் போனால் பந்தியில் உட்காருங்கள்!

அமிர்தசரஸ் பொற்கோவில் என்றதும் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது பொன்தான்.

'எவ்வளவு பொன் வைத்து இழைத்திருக்கிறார்கள்? என்ன விலை பெறும்?' இதுதான் பலர் கேட்கும் கேள்வி. போனவர்களும் பொன்னைப் பார்க்கிறார்கள். குளத்தில் அதன் நிழலைப் பார்க்கிறார்கள். படம் எடுத்துக்கொள்கிறார்கள். ஊர் திரும்பிவிடுகிறார்கள்.

ஆனால் ஒரு செய்தி பலருக்குத் தெரியாது. அந்தக் கோவிலுக்குப் பொன் வந்தது, கோவில் கட்டி 200 ஆண்டுகளுக்குப் பிறகு!

பொன்னுக்கு முன்னால் அங்கே வேறு ஒன்று வந்தது. கோவிலுக்கும் முன்னால் வந்தது. அது என்ன தெரியுமா? பந்தி! ஏழையும் பணக்காரனும் ஒரே தரையில், ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடும் பந்தி.

அந்தப் பந்தியில் உட்காராமல் திரும்புகிறவர், பொற்கோவிலைப் பாதிதான் பார்த்தவர் ஆவார். ஏன் என்பதை அந்தக் கோவிலின் கதையே சொல்லும்.

குளம் வெட்டிய குரு

சீக்கிய மதத்தைத் தோற்றுவித்தவர் குரு நானக். 1469-ம் ஆண்டு பிறந்தவர். 'கடவுள் ஒருவரே. மனிதரில் உயர்வு தாழ்வு இல்லை' என்பது அவருடைய போதனை. போதனையோடு அவர் நிற்கவில்லை. தம்மைத் தேடி வந்தவர்களை எல்லாம் ஒன்றாக உட்காரவைத்து உணவிட்டார். அந்தப் பொதுச் சமையலுக்கு 'லங்கர்' என்று பெயர்.

மூன்றாவது குரு அமர்தாஸ் இதை ஒரு சட்டமாகவே ஆக்கினார். 'முதலில் பந்தி, அப்புறம்தான் என்னைப் பார்க்கலாம்' என்றார். அக்பர் சக்கரவர்த்தி அவரைக் காண வந்தபோது, அவரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்ட பிறகே குருவைப் பார்த்தார் என்று சீக்கியர்கள் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள்.

வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுவதை அவர்கள் 'பங்கத்' என்கிறார்கள். நம்முடைய 'பந்தி' என்ற சொல்லும், அவர்களுடைய 'பங்கத்' என்ற சொல்லும் ஒரே தாயின் பிள்ளைகள்தான். இரண்டுக்கும் வரிசை என்பதே பொருள்.

நான்காவது குரு ராம்தாஸ். 1577-ம் ஆண்டு அவர் ஒரு குளம் வெட்டினார். அமிர்தசரஸ் என்றால் அமிர்தக் குளம். குளத்தின் பெயரே பின்னர் ஊருக்கும் பெயர் ஆயிற்று.

நாலு புறமும் வாசல்

ஐந்தாவது குரு அர்ஜுன் அந்தக் குளத்தின் நடுவில் கோவில் கட்டினார். நம் ஊர்த் தெப்பக்குளத்து மைய மண்டபத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதுபோலத்தான் அதுவும் நீருக்கு நடுவே நிற்கிறது. 'ஹரிமந்திர்' என்பது அதன் பெயர். லாகூரைச் சேர்ந்த மியான் மீர் என்ற முஸ்லிம் பெரியவர் அதற்கு அடிக்கல் நாட்டினார் என்பது வழிவழியாக வரும் செய்தி.

கோவில் உயரமான மேட்டில் இல்லை. சுற்றியுள்ள தரையைவிடத் தாழ்வான இடத்தில் இருக்கிறது. யாராக இருந்தாலும் படி இறங்கித்தான் போகவேண்டும்.

கோவிலுக்கு நாலு புறமும் வாசல் வைத்தார்கள். எந்தத் திசையிலிருந்து வந்தாலும், எந்த வகுப்பில் பிறந்தாலும் வரலாம் என்பதே அதன் பொருள்.

உள்ளே விக்கிரகம் கிடையாது. ஒரு புத்தகம்தான் இருக்கிறது. குரு அர்ஜுன் தொகுத்த அந்தப் புனித நூல் 1604-ம் ஆண்டு அங்கே வைக்கப்பட்டது.

அந்த நூலில் குருமார்களின் பாடல்கள் மட்டும் இல்லை. நெசவாளி கபீரின் பாடல்கள் இருக்கின்றன. செருப்புத் தைத்துப் பிழைத்த ரவிதாசின் பாடல்கள் இருக்கின்றன. தையல்காரர் நாமதேவரின் பாடல்களும், முஸ்லிம் ஞானி ஷேக் பரீதின் பாடல்களும் இருக்கின்றன. 'கோவிலுக்குள் வராதே' என்று ஒதுக்கப்பட்ட குலங்களின் பாட்டு, இந்தக் கோவிலில் நடுநாயகமாக வீற்றிருக்கிறது!

பத்தாவது குரு கோவிந்த்சிங், 1708-ம் ஆண்டு, 'இனி இந்த நூலே உங்களுக்குக் குரு' என்று சொல்லிவிட்டார். அன்று முதல் அது 'குரு கிரந்த சாகிப்'. ஒரு அரசருக்குச் செய்யும் மரியாதைகளை அதற்குச் செய்கிறார்கள்.

இடித்தார்கள், கட்டினார்கள்

நூலைத் தொகுத்த குரு அர்ஜுன் 1606-ம் ஆண்டு லாகூரில் உயிர் துறந்தார். ஜஹாங்கீர் சக்கரவர்த்தியின் ஆணைப்படி சித்திரவதை செய்யப்பட்டு இறந்தார். அவருடைய மகன் குரு ஹர்கோவிந்த், கோவிலுக்கு எதிரே 'அகால் தக்த்' என்ற பீடத்தை அமைத்தார். சீக்கியர்களின் பொதுக் காரியங்கள் அங்கேதான் முடிவாகின்றன.

பிறகு ஆப்கானியப் படைகள் வந்தன. அகமது ஷா அப்தாலியின் படைகள் 1757-ம் ஆண்டு கோவிலைப் பாழ்படுத்தின. 1762-ம் ஆண்டு வெடிமருந்து வைத்தே தகர்த்தன. குளத்தைக் குப்பையாலும் இடிபாட்டாலும் தூர்த்தன. சீக்கியர்கள் ஒவ்வொரு தடவையும் குளத்தைத் தூர்வாரினார்கள். கோவிலைத் திரும்பக் கட்டினார்கள்.

19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மகாராஜா ரஞ்சித்சிங் பஞ்சாபை ஆண்டார். அவர்தான் சுவர்களுக்குச் சலவைக்கல் பதித்தார். செப்புத் தகடுகளுக்குப் பொன் பூசி மேலே போர்த்தினார். ஊரார் 'பொற்கோவில்' என்று அழைக்கத் தொடங்கியது அதன் பிறகுதான்.

ஆக, நெசவாளியின் பாட்டு முதலில் வந்தது. மகாராஜாவின் பொன் கடைசியில் வந்தது. இந்த வரிசையை மறந்துவிடக்கூடாது.

வாசல் அடைபட்ட கதை

நாலு வாசல் வைத்துக் கட்டிய கோவில் எப்போதும் திறந்தே இருந்ததா? இல்லை! இதுதான் எல்லோரும் தெரிந்துகொள்ளவேண்டிய கதை.

1849-ம் ஆண்டு பஞ்சாப் வெள்ளைக்காரர் கைக்குப் போயிற்று. பொற்கோவில் நிர்வாகத்தை அவர்கள் நியமித்த மேலாளர் பார்த்துக்கொண்டார். பூசாரிகள் வைத்ததே சட்டம் என்று ஆயிற்று. ஒழிந்துபோன சாதி வித்தியாசம் கோவிலுக்குள்ளேயே திரும்பி வந்தது. தாழ்த்தப்பட்ட சீக்கியர்கள் கொண்டுவந்த பிரசாதத்தைப் பூசாரிகள் வாங்க மறுத்தார்கள்.

1919-ம் ஆண்டு ஏப்ரல் 13-ந் தேதி, கோவிலுக்குப் பக்கத்தில் உள்ள ஜாலியன்வாலா பாகில் ஜெனரல் டயர் நிராயுதபாணிகளைச் சுட்டுத் தள்ளினான். அந்த டயருக்குப் பொற்கோவில் நிர்வாகம் மரியாதை செய்தது! சீக்கிய மக்கள் கொதித்துப் போனார்கள்.

அடுத்த ஆண்டு அக்டோபர் 12-ந் தேதி. அதே ஜாலியன்வாலா பாகில் தாழ்த்தப்பட்ட வகுப்பினர் கூடித் தீட்சை பெற்றார்கள். பிறகு கையில் பிரசாதம் ஏந்திப் பொற்கோவிலுக்கு நடந்தார்கள். கால்சா கல்லூரி ஆசிரியர்களும் மாணவர்களும் துணைக்கு வந்தார்கள்.

'வாங்கமாட்டோம்' என்றார்கள் பூசாரிகள். வாக்குவாதம் முற்றியது. கடைசியில், 'கிரந்த சாகிபையே கேட்போம். அது சொல்வதே தீர்ப்பு' என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்டது.

நூலைத் திறந்தார்கள். திறந்த பக்கத்தில் இருந்ததை வாசித்தார்கள். 'தகுதி இல்லாதவனையும் இறைவன் மன்னித்து ஏற்றுக்கொள்கிறான்' என்ற கருத்து அதில் இருந்தது. பூசாரிகள் பேச வாயில்லாமல் பிரசாதத்தை வாங்கினார்கள். கூட்டம் அகால் தக்த் பீடத்துக்குப் போனபோது, அங்கிருந்த பூசாரிகள் இடத்தையே விட்டுப் போய்விட்டார்கள்.

அந்த நாள்தான் கோவிலின் தலைவிதியை மாற்றியது. 1920-ம் ஆண்டு நவம்பரில் குருத்துவாராக்களை நிர்வகிக்க ஒரு பொதுக் கமிட்டி அமைந்தது. சிரோமணி குருத்துவாரா பிரபந்தக் கமிட்டி என்பது அதன் பெயர். பல உயிர்களைப் பலிகொண்ட போராட்டத்துக்குப் பிறகு, 1925-ம் ஆண்டு சட்டம் வந்தது. கமிட்டியைச் சீக்கியர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கலாம் என்று ஆயிற்று. பெண்களுக்கும் ஓட்டுரிமை கிடைத்தது.

இதில் பாடம் என்ன? வாசலை ஒருவர் திறந்து வைத்துவிட்டால் போதாது. பின்னால் வருகிறவர்கள் பார்த்துக்கொள்ளாவிட்டால் அது மெல்ல அடைபட்டுவிடும். குருவே கட்டிய கோவிலுக்கும் இதுதான் கதி என்றால், மற்ற இடங்களைப் பற்றிச் சொல்லவேண்டுமா?

வைக்கத்துக்கு வந்த லங்கர்

இந்தக் கதைக்கும் தமிழர்களுக்கும் ஒரு தொடர்பு உண்டு.

1924-ம் ஆண்டு திருவிதாங்கூரில் வைக்கம் போராட்டம் நடந்தது. கோவிலைச் சுற்றியுள்ள தெருவில் தாழ்த்தப்பட்டவர்கள் நடக்கக்கூடாது என்று இருந்த தடையை எதிர்த்த போராட்டம் அது. ஈரோட்டிலிருந்து ஈ.வெ.ராமசாமி அங்கே போய்ச் சிறை புகுந்தது பலருக்குத் தெரியும். பஞ்சாபிலிருந்து சீக்கியர்கள் வந்தது பலருக்குத் தெரியாது.

ஆம்! அகாலி சீக்கியர்கள் அவ்வளவு தூரம் பயணம் செய்து வந்தார்கள். போராட்டக்காரர்களுக்கு இலவசச் சமையல்கூடம் திறந்தார்கள். அமிர்தசரஸ் லங்கர், தென்கோடியில் அடுப்பு மூட்டியது!

காந்தியடிகளுக்கு இது பிடிக்கவில்லை. 'இந்துக்கள் செய்த தவறை இந்துக்களே திருத்தவேண்டும். வெளியார் உதவி வேண்டாம்' என்பது அவர் கருத்து. சமையல்கூடம் மூடப்பட்டது. அவர் சொன்னது சரியா என்பதைப் பற்றி இன்றும் இரண்டு கருத்து உண்டு. ஆனால் பசித்தவனுக்குச் சோறு போட ஆயிரம் மைல் தாண்டி வந்தவர்களின் நல்ல மனதைப் பற்றி இரண்டு கருத்து இருக்க முடியாது.

அதே காலத்தில் தமிழ்நாட்டில் நடந்தது என்ன? சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகள் தனியாகவும், மற்றப் பிள்ளைகள் தனியாகவும் சாப்பிட்டார்கள். அதனால் நாடே இரண்டுபட்டது. பந்தி என்பது வெறும் சாப்பாட்டு விஷயம் இல்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

இன்னும் மிச்சம் இருக்கிறது

பொற்கோவில் பிற்காலத்திலும் துயரம் கண்டது. 1984-ம் ஆண்டு ஜூன் மாதம், உள்ளே இருந்த ஆயுதம் தாங்கியவர்களைப் பிடிக்க ராணுவம் நுழைந்தது. ராணுவ வீரர்கள், யாத்திரிகர்கள் உட்படப் பலர் இறந்தார்கள். அகால் தக்த் இடிந்தது. சீக்கியர் மனதில் அந்தப் புண் ஆழமானது. அகால் தக்த் பின்னர் திரும்பக் கட்டப்பட்டது.

எல்லாக் குறையும் தீர்ந்துவிட்டதாகவும் நினைக்கவேண்டாம். பஞ்சாப் கிராமங்கள் பலவற்றில் சாதிக்கு ஒரு குருத்துவாரா, சாதிக்கு ஒரு சுடுகாடு என்று இன்றும் இருக்கிறது. பொற்கோவிலின் உட்கோவிலில் பெண்கள் பாடல் பாடவும் அனுமதிக்கவேண்டும் என்று 2019-ம் ஆண்டு பஞ்சாப் சட்டசபையே தீர்மானம் போட்டுக் கேட்கவேண்டியிருந்தது.

இதைச் சொல்வது குறை கூறுவதற்காக அல்ல. வாசலைத் திறந்து வைக்கும் வேலை ஒரு நாளும் முடிவதில்லை என்பதற்காகத்தான்.

போவது எப்படி?

சென்னையிலிருந்து ரெயிலில் டெல்லி போகலாம். டெல்லியிலிருந்து அமிர்தசரஸ் ஏறத்தாழ 450 கிலோ மீட்டர். அதற்கும் ரெயில்கள் இருக்கின்றன. அமிர்தசரஸ் ரெயில் நிலையத்திலிருந்து கோவில் பக்கம்தான்.

டிசம்பர், ஜனவரியில் குளிர் கடுமை. கம்பளி இல்லாமல் குழந்தைகளை அழைத்துப் போகாதீர்கள். மே, ஜூனில் வெயில் கொளுத்தும். அக்டோபர், நவம்பரும், பிப்ரவரி, மார்ச்சும் நல்ல காலம்.

எந்த மதத்தினரும் போகலாம். கட்டணம் கிடையாது.

செருப்பை அதற்கான இடத்தில் கொடுத்துவிடவேண்டும். வாங்கி வைக்கிறவர்கள் கூலி ஆட்கள் என்று நினைத்துவிடாதீர்கள். பெரிய வேலையில் இருப்பவர்கள்கூட, பக்தியோடு அந்தப் பணியைச் செய்கிறார்கள்.

வாசலில் தண்ணீர் ஓடும். அதில் கால் கழுவிக்கொண்டு படி இறங்கவேண்டும். ஆண், பெண், குழந்தை எல்லோரும் தலையைத் துணியால் மூடவேண்டும். பெண்களுக்குச் சேலைத் தலைப்பே போதும். ஆண்கள் ஒரு பெரிய கைக்குட்டை வைத்துக்கொள்ளலாம். பீடி, சிகரெட், புகையிலை, மது எதுவும் கூடவே கூடாது. பையில்கூட இருக்கக்கூடாது.

நம் கோவில்போலவே வலமாகச் சுற்றவேண்டும். குளத்தில் முழுக்குப் போடலாம், சோப்புப் போடக்கூடாது. பெண்கள் குளிக்க மறைவான இடம் தனியாக இருக்கிறது. கரையில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் தொங்கப்போடுவது மரியாதை இல்லை.

நடைபாலத்தின் வழியாக உட்கோவிலுக்குப் போகவேண்டும். கூட்ட நாளில் வரிசையில் மணிக்கணக்காக நிற்கவேண்டி வரும். விடியுமுன் போனால் நல்லது. கிரந்த சாகிபைப் பல்லக்கில் கோவிலுக்கு எடுத்து வரும் காட்சியையும் காணலாம். இரவில் அதே பல்லக்கில் அகால் தக்துக்குக் கொண்டுபோவார்கள். உள்ளே படம் எடுக்கக்கூடாது. உட்காரும்போது நூலை நோக்கிக் காலை நீட்டக்கூடாது.

கோதுமை மாவு, நெய், சர்க்கரை சேர்த்துக் கிளறிய கடா பிரசாதம் தருவார்கள். இரண்டு கையையும் குவித்து வாங்கவேண்டும். 1920-ம் ஆண்டு வாங்க மறுக்கப்பட்ட பிரசாதம் இதுதான் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

வெளியூரார் தங்க விடுதிகள் இருக்கின்றன. திருநாள்களில் இடம் கிடைப்பது கடினம். ஜாலியன்வாலா பாக் நடந்துபோகும் தூரம்தான். அதையும் பார்த்துவிட்டு வரலாம்.

'ஓசிச் சோறா?'

இனி, பந்தி.

சுற்றிப் பார்க்க வரும் குடும்பங்களில் சில, லங்கர் வாசல் வரை வந்து தயங்கி நிற்கும். 'இலவசச் சாப்பாடாமே! நமக்கு எதற்கு? நாம் என்ன சோற்றுக்கு வழி இல்லாதவர்களா?' என்று கௌரவம் பார்க்கும். ஓட்டலைத் தேடிப் போய்விடும்.

இந்தக் கௌரவம்தான் தவறு. லங்கர் ஏழைகளுக்குப் போடும் தருமச் சோறு அல்ல. தருமச் சோறு என்றால் கொடுப்பவர் மேலே நிற்பார்; வாங்குபவர் கீழே நிற்பார். அந்த மேல் கீழ் கூடாது என்பதற்காகவே குருமார் எல்லோரையும் தரையில் உட்காரவைத்தார்கள். வசதி உள்ளவர் ஓட்டலுக்குப் போய்விட்டால், இல்லாதவர் மட்டும்தான் பந்தியில் மிஞ்சுவார். அப்போது அது தருமச் சோறாகவே ஆகிவிடும். பந்தியைப் பந்தியாக வைத்திருப்பது, வசதி உள்ளவரும் வந்து உட்காருவதுதான்!

அங்கே இரவும் பகலும் அடுப்பு அணைவதில்லை. நாள்தோறும் பல்லாயிரம் பேர் சாப்பிடுகிறார்கள். வாசலில் ஒரு எவர்சில்வர் தட்டு தருவார்கள். நீண்ட விரிப்பில் வரிசையாக உட்காரவேண்டும். ரொட்டி, பருப்பு, கறி, பாயசம் வரும். மாமிசம் கிடையாது. அதனால் யாரும் தயங்கவேண்டியதில்லை. ரொட்டியை இரண்டு கையாலும் ஏந்தி வாங்கவேண்டும். எத்தனை முறை வேண்டுமானாலும் கேட்கலாம். தட்டில் மிச்சம் வைக்கக்கூடாது.

பக்கத்தில் உட்காருபவர் யார் என்று யாரும் கேட்பதில்லை. லாரி டிரைவராக இருக்கலாம். ஆலை முதலாளியாக இருக்கலாம். தட்டில் விழும் பருப்பு ஒன்றுதான்.

சாப்பிட்டு எழுந்ததும் போய்விடாதீர்கள். பாத்திரம் கழுவும் இடத்தில் ஒரு அரை மணி நேரம் நில்லுங்கள். வெங்காயம், பூண்டு உரிக்கும் இடத்திலும் உட்காரலாம். யாரும் தடுக்கமாட்டார்கள். பிள்ளைகளையும் கூட வைத்துக்கொள்ளுங்கள். முன்பின் தெரியாதவர் சாப்பிட்ட தட்டைத் தன் கையால் கழுவிய பிள்ளைக்கு, சாதி வித்தியாசம் பற்றித் தனியாகப் புத்தி சொல்லவேண்டியதில்லை.

பொன்னைப் பார்த்த கண்ணுக்கு நாலு நாளில் மறந்துவிடும். தட்டு கழுவிய கைக்கு மறக்காது.

ஊர் திரும்பிய பிறகு

அமிர்தசரஸில் தரையில் உட்காருவது எளிது. அங்கே தெரிந்தவர் யாரும் இல்லை. ஊரில் உட்காருவதுதான் கடினம்.

நம் ஊர்க் கல்யாணங்களில் எத்தனை பந்தி? 'அவர்கள் முதலில் சாப்பிடட்டும். இவர்கள் அப்புறம்' என்ற பேச்சு இன்னும் இருக்கிறதா, இல்லையா? வாசலைக் கூட்டுகிற அம்மாளுக்கும், வயலில் வேலை செய்கிற பெரியவருக்கும் கொல்லைப்புறத்தில்தானே இலை விழுகிறது? வீட்டுக்கு வருகிறவரில் சிலருக்கு மட்டும் தனி டம்ளர் ஏன்?

அடுத்த விசேஷத்தில் அந்த அம்மாளை அழைத்து, வீட்டாரோடு ஒரே பந்தியில் உட்காரவையுங்கள். வீட்டுத் தலைவரே பரிமாறட்டும். முதல் நாள் சிலர் முணுமுணுப்பார்கள். 1920-ம் ஆண்டு பொற்கோவிலிலும் அப்படித்தான் முணுமுணுத்தார்கள்.

பஞ்சாபுக்குப் போக எல்லோருக்கும் வசதி இருக்காது. இலை போட்டு எல்லோரையும் ஒன்றாக உட்காரவைக்க, ரெயில் டிக்கெட் வேண்டியதில்லை!